அக்கி ஆறிய பிறகும் போகாத வலி

அக்கிக் கொப்புளங்கள் காய்ந்து பொருக்கு உதிர்ந்த பிறகும் என் இடது விலாவில் வலி நீங்கவில்லை. சட்டை உரசினாலே எரிந்தது. மின்விசிறிக் காற்றைக்கூடத் தாங்க முடியவில்லை. "புண்தான் ஆறிவிட்டதே, இன்னும் என்ன வலி?" என்று வீட்டில் கேட்டபோது ஆத்திரமாக வந்தது.

வலி சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் வலி எவ்வளவு என்பதோடு நிற்கவில்லை. எரிச்சலா, குடைச்சலா, ஷாக் அடிப்பது போலச் சுளீரென்று வெட்டுகிறதா, மதமதப்பு உண்டா, அரிக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு பஞ்சுத் துணுக்கை வலது விலாவில் இழுத்தார். பஞ்சு பஞ்சாகத்தான் இருந்தது. இடது விலாவில் இழுத்ததும் துள்ளிவிட்டேன். வலிக்கக் கூடாத தொடுகை வலிப்பதற்கு அலோடினியா என்று பெயராம். அது நரம்பு வலியின் முக்கியமான அடையாளம்.

காலை இடித்துக்கொண்டால் முதலில் சுளீரென்று வலித்து, பிறகு நெடுநேரம் கடுக்கிறதல்லவா? மையலின் என்ற கொழுப்பு உறை மெல்லியதாகக் கொண்ட ஏ-டெல்டா நரம்பு இழைகள் முதல் வலியை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வேகத்தில் கொண்டுபோகின்றன. பின்னால் வரும் கடுப்பு உறையில்லாத சி இழைகளின் வேலை. அவற்றின் வேகம் நொடிக்கு 2 மீட்டரைத் தாண்டுவதில்லை. இரண்டும் தண்டுவடத்தில் அடுத்த நரம்பணுவிடம் சேதியை ஒப்படைக்க, அது மறுபக்கம் கடந்து மூளைக்கு ஏறுகிறது.

என் வலியின் கதை வேறு. சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ், தண்டுவடத்தை ஒட்டிய நரம்பு முடிச்சில் இத்தனை ஆண்டுகள் பதுங்கியிருந்து, அக்கியாகக் கிளம்பியபோது அந்த நரம்பையே சிதைத்திருக்கிறது. தோலில் காயம் இல்லாமலே நரம்பு வலிச் சேதி அனுப்புகிறது. தண்டுவடமும் கூருணர்வு அடைந்து, வெறும் தொடுகையையும் வலியாக்கிவிடுகிறது. பாராசிட்டமால் எனக்குப் பலன் தராததன் காரணம் அன்றுதான் புரிந்தது. கொப்புளம் தலைகாட்டிய 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கினால் அக்கியின் கடுமை குறையும் என்பதையும் அவர் சொன்னார். அக்கி கண்டதும் காவி பூசிக்கொண்டு காத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்குக் கபாபென்டின் என்ற நரம்பு வலி மருந்தைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினார். ஆரம்பத்தில் தலை சுற்றியது, பகலிலும் தூக்கம் தள்ளியது. முதலில் இரவுத் தூக்கம் திரும்பியது. பிறகு சுளீர் வெட்டுகள் அரிதாயின. எரிச்சல்தான் கடைசியாகத் தணிந்தது. இப்போது மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து வருகிறோம். திடீரென்று நிறுத்தக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.