12 சென்ட்டில் ஒரு மாமரம்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

மே 12, 2024, ஞாயிறு

மாங்கூழ் கம்பெனிக்கு இன்னும் லோடு சரியாக வர ஆரம்பிக்கவில்லை. இந்த வருஷ வெயிலில் பிஞ்சு நிறையக் கொட்டிப்போச்சு. எடைச் சீட்டுக் கணக்கு மத்தியானத்துக்குள் முடிந்துவிடுகிறது. சாயங்காலம் வீட்டில் நானும் அத்தையும்தான். அத்தை எட்டரைக்கெல்லாம் களி சாப்பிட்டுப் படுத்துவிடுவார். என் வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். பையன் ஓசூரில்.

கம்பெனியில் டெஸ்பாட்ச் பார்க்கிற பெண் சொல்லித்தான் ‘செகண்ட் லைஃப்’ என்ற இணைய உலகத்துக்குள் நேற்று ராத்திரி போய்ப் பார்த்தேன். அது விளையாட்டு இல்லை. ஜெயிக்க வேண்டியது, பாயிண்ட் சேர்க்க வேண்டியது என்று எதுவும் கிடையாது. பெரியவர்கள் ஒரு உருவம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள், பேசுகிறார்கள், ஆடுகிறார்கள், வீடு கட்டுகிறார்கள். பையன் விட்டுப்போன பழைய லேப்டாப்பில் முதல் பத்து நிமிஷம் நான் வெறும் மேகமாக நின்றேன். உருவம் முழுதாக இறங்கி வரும்வரை அப்படித்தான் தெரியுமாம். அப்புறம் கால் வந்தது, கை வந்தது, கடைசியில் முகம் வந்தது.

பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர் ‘வணக்கம்’ என்று இங்கிலீஷில் எழுதினார். பதில் எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படியே மூடிவிட்டேன்.

மே 18, சனி

அந்த உருவத்துக்குப் பெயர் ‘அவதார்’. நம் அவதாரம்தான். 1986-இல் லூகாஸ்ஃபிலிம்காரர்கள் கமடோர் 64 கம்ப்யூட்டருக்காக ‘ஹாபிடாட்’ என்று ஒரு உலகம் செய்தபோது, திரையில் நடமாடும் ஆளுக்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். மேலிருந்து கீழே இறங்கி வருவது என்று பொருள். மேகத்திலிருந்து இறங்கி வந்தவளுக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அந்த உலகத்துக் கடிகாரம் கலிஃபோர்னியா நேரத்தில் ஓடுகிறது. எனக்கு ராத்திரி 9:30 என்றால் அங்கே காலை 9. ஆனால் சூரியனுக்கு வேறு கணக்கு. நாலு மணி நேரத்தில் ஒரு நாள் முடிந்துவிடும். மூணு மணி நேரம் பகல், ஒரு மணி நேரம் இரவு.

இன்று ஒரு கடற்கரையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இருட்டிவிட்டது. யாரும் வந்து ‘கூட யாரும் வரலையா?’ என்று கேட்கவில்லை. நம் கே.ஆர்.பி. அணைக்கரையில் பொழுது சாய்ந்தபின் நான் ஒருத்தியாக உட்கார முடியுமா? ஒரு தடவை உட்கார்ந்தேன், அவர் போன மறு வருஷம். பத்து நிமிஷத்துக்குள் மூணு பேர் விசாரித்துவிட்டார்கள். அதில் ஒருத்தர் சொந்தக்காரர்.

மே 26, ஞாயிறு

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். பெயர் போடாமல்தான் எழுதுகிறேன், அதனால் எழுதிவிடுகிறேன்.

அங்கே இடங்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பொது, மிதம், வயது வந்தோர். 2009-இல் வயது வந்தோர் சமாச்சாரத்துக்கென்றே ‘ஜிந்த்ரா’ என்று தனிக் கண்டம் ஒன்று உண்டாக்கினார்கள். நான் போய்ப் பார்த்தேன். எனக்கு 47 வயது, எட்டிப் பார்க்க ஆசை இருந்தது, பார்த்தேன். சில இடங்கள் எனக்கு ஒத்துவரவில்லை, உடனே திரும்பினேன். ஆனால் பல இடங்களில் ஆட்கள் வரிசையாக நின்று எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். முதுகுவலி, பிள்ளைக்கு வேலை, மழை. உடம்புக்காக வருகிறவர்கள் உண்டு. பேச்சுக்காக வருகிறவர்களும் நிறைய.

நான் சொல்ல வந்தது வேறு. ஒரு நடனக்கூடம். மேலே பந்து ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. அதைத் தொட்டால்தான் ஆட முடியும். தொட்டேன். திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. இந்தப் பொருள் உங்கள் உருவத்தை அசைக்க விரும்புகிறது, அனுமதிக்கிறீர்களா, ஆமாம், இல்லை. அவ்வளவுதான். ‘இல்லை’ என்ற பொத்தானும் ‘ஆமாம்’ அளவுக்கே பெரிதாக இருந்தது.

அதையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயதில் கல்யாணம். பெண் பார்த்தது, நாள் குறித்தது, புடவை எடுத்தது, எல்லாம் நடந்தது. என் வீட்டுக்காரர் நல்லவர், என்னை அடித்தவர் இல்லை, திட்டியவர் இல்லை. ஆனாலும் என் கையை அசைக்க, காலை அசைக்க ‘உனக்குச் சம்மதமா’ என்று என்னை யாரும் கேட்டதில்லை. ஒரு பந்து கேட்டது.

‘ஆமாம்’ அழுத்தினேன். ஆடினேன்.

ஜூன் 5, புதன்

கிள்ளான்காரி ஒருத்தி கிடைத்தாள். நான் தமிழில் எழுதியதைப் பார்த்துவிட்டு “அக்கா நீங்க தமிழா!” என்று ஓடி வந்தாள். மலேசியா நேரம் நமக்கு ரெண்டரை மணி முன்னால். பிள்ளைகள் தூங்கியபின் நடுராத்திரியில் வருகிறாள். அந்த உலகத்தில் 512 சதுர மீட்டர் நிலத்தை வாடகைக்கு எடுத்து ஒரு சின்ன வீடு வைத்திருக்கிறாள்.

எனக்கு மீட்டரில் மனசு ஒட்டாது. சென்ட்டில் போட்டுப் பார்த்தேன், 12 சென்ட் சொச்சம். அங்கே ‘ரீஜன்’ என்கிற ஒரு முழு நிலத்துண்டு 256-க்கு 256 மீட்டர், 16 ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே. எங்கள் மாமனார் பங்கு பிரித்தபோது மொத்த நிலமே அவ்வளவு வராது.

“வீட்டு முன்னாடி வெறிச்சுன்னு இருக்குக்கா, ஒரு மரம் வைங்களேன்” என்றாள்.

ஜூன் 11, செவ்வாய்

கிளிமூக்கு மாங்காய் வந்துவிட்டது. ராத்திரி பத்துக்குத்தான் வீடு. கை முழுக்கப் பால் வாசனை. உள்ளே போகவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

மூணு வாரமாக ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதாமல் விட்டிருந்தேன். மனைவியை இழந்தவர் என்றார். நானும் என்னைப் பற்றிச் சொன்னேன். பேசுவது நன்றாக இருந்தது. ஒரு ஆணோடு, வயசுக்கேற்ற பேச்சு, சிரிப்பு. ராத்திரி ஆனால் மனசு காத்திருந்தது. அதற்காக நான் வெட்கப்படவில்லை.

போன வாரம் ‘பார்ட்னர்’ ஆகலாம் என்றார். அங்கே அது முறையாக உண்டு. ரெண்டு பேரும் சம்மதித்தால் இருவர் விவரப் பக்கத்திலும் பெயர் ஏறும். யோசிக்கிறேன் என்றேன். நேற்று போட்டோ அனுப்பு என்றார். போன் நம்பர் கேட்டார். முடியாது என்றேன். அதற்குப்பின் அவர் எழுதியதை இங்கே திருப்பி எழுத மாட்டேன். என் வீட்டுக்காரர் செத்ததையும் அதில் இழுத்தார்.

பிளாக் செய்தேன். செய்த உடனே அவர் உருவம் வெறும் சாம்பல் நிறமாகிவிட்டது. முகமில்லை, சட்டை இல்லை, எழுத்தும் வரவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டுச் சமையலறையில் நின்று அழுதேன்.

ஜூன் 17, திங்கள்

‘வெறும் எழுத்துதானே, ஏன் இப்படி வலிக்கிறது’ என்று கிள்ளான்காரியிடம் கேட்டேன். அவள் ஒரு பழைய கதை சொன்னாள். 1990-இல் ஆரம்பித்த ‘லாம்ப்டாமூ’ என்ற உலகம். அங்கே படமே கிடையாது, எல்லாம் எழுத்து. 1993-இல் ஒருவன், மற்றவர்களின் பாத்திரங்களைத் தன் பிடியில் எடுத்துக்கொண்டு, அவர்கள் சம்மதம் இல்லாமல் அசிங்கமானதெல்லாம் அவர்கள் செய்வதாக எழுதினான். எழுத்துதான். ஆனாலும் பாதிக்கப்பட்ட பெண் தன் வீட்டில் உட்கார்ந்து கண்ணீர் விட்டுக்கொண்டே புகார் எழுதினாள். ஊரே கூடி விவாதித்தது. கடைசியில் அவன் பாத்திரத்தை அழித்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே மனு, வாக்கெடுப்பு என்று முறைகள் வந்தன.

முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ ஒருத்தி அழுதிருக்கிறாள். அவளும் நானும் ஒரே அழுகைதான். அனுமதி கேட்கிற அந்தச் சின்னப் பெட்டி எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்று இன்னும் நன்றாகப் புரிகிறது.

ஜூன் 23, ஞாயிறு

இன்றோடு அந்த உலகத்துக்கு 21 வயது. 2003 ஜூன் 23-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் லிண்டன் லேப் கம்பெனி அதைத் திறந்தது. எல்லோரும் கொண்டாட்டத்துக்குப் போனார்கள். நான் மரம் செய்ய உட்கார்ந்தேன்.

அடிமரத்துக்கு ஓர் உருளை, மேலே போகப்போகச் சூம்பும்படி. இலைக்குத்தான் பாடு. கொல்லையில் இருக்கும் செந்தூரா மாமரத்திலிருந்து ஒரு கொத்தைக் கிள்ளி, வெள்ளைத் துணிமேல் வைத்து போட்டோ எடுத்தேன். நடுவில் செம்பு நிறத் தளிர், சுற்றி முற்றின பச்சை, ஓர் இலையில் எறும்பு கூடு கட்டிய சுருட்டல். சுற்றியிருக்கும் வெள்ளையைத் துடைத்துவிட்டு உள்ளே ஏற்ற 10 லிண்டன் டாலர். நம் காசுக்கு மூணு ரூபாய் சொச்சம். அந்தப் படத்தைத் தட்டைப் பலகைகளில் ஒட்டி, குறுக்கும் நெடுக்குமாகச் செருகினால் தழை மாதிரி ஆகிறது. எறும்புச் சுருட்டலை நான் துடைக்கவில்லை.

யார் வேண்டுமானாலும் கட்டிப் பழகும் பொது இடத்தில் நட்டேன். மறுபடி போய்ப் பார்த்தால் மரமில்லை. நேரம் முடிந்தால் எல்லாவற்றையும் பிடுங்கித் திருப்பிக் கொடுத்துவிடுவார்களாம். தொலைந்த பொருள்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

ஜூலை 7, ஞாயிறு

லோடு குறைந்துவிட்டது. நீலம் மாங்காய் மட்டும் வருகிறது.

மரத்தைக் கிள்ளான்காரி வீட்டு முன்னால் நட்டேன். தளிரைப் பார்த்துவிட்டு அவள் ரொம்ப நேரம் எதுவும் எழுதவில்லை. அப்புறம், “எங்க பாட்டி ஊர்ல இந்த மரம் இருந்ததாம் அக்கா, அம்மா சொல்லும்” என்றாள். பாட்டி ஊர் எது என்று அவளுக்குத் தெரியாது.

அப்போது பின்னால் அத்தை வந்து நின்றார். கரண்ட் போய் வந்ததில் தூக்கம் கலைந்துவிட்டதாம். மூட நினைத்து, மூடாமல் விட்டேன்.

“யாரும்மா அந்தப் பொம்பளை?”

“நான்தான் அத்தை.”

“ராத்திரியில தனியாவா உட்கார்ந்திருக்க?”

“அங்க பகல் அத்தை. பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கா, மலேசியா.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்கும் தாலி இறங்கி 22 வருஷம். திரைக்குக் கிட்டே குனிந்து மரத்தை மேலும் கீழும் பார்த்தார்.

“கவை இவ்வளவு மேல போகக்கூடாது. குழந்தைங்க ஏற வேணாமா? எறக்கு.”

இறக்கினேன்.

“இன்னும் கொஞ்சம்.”

கிள்ளான்காரி என்ன நடக்கிறது என்று கேட்டு எழுதினாள். “எங்க அத்தை மரத்தைப் பார்க்கிறாங்க” என்று பதில் எழுதினேன். அவள் தன் உருவத்தை மரத்தடியிலிருந்து எழுப்பி, தள்ளி உட்காரவைத்து, பக்கத்தில் இடம் விட்டாள்.