பட்டன் பேட்டரியை விட்டுச் சார்ஜருக்கு மாறினேன்

ஆறு வருடமாக நான் போட்டிருந்தது பட்டன் பேட்டரி காது மிஷின். 312 நம்பர், பழுப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கரை உரித்ததும் காற்று பட்டுத்தான் அந்த ஜிங்க்-ஏர் பேட்டரி வேலை செய்யத் தொடங்கும். உரித்து ஒரு நிமிடம் வெளியே வைத்துவிட்டுப் போட வேண்டும். எனக்கு ஒரு வாரம் வரும். ஆரம்பத்தில் இதெல்லாம் பெரிய விஷயமாகவே படவில்லை. அப்புறம் விரல் மூட்டுகள் வீங்க ஆரம்பித்தன.

ஒரு நாள் என் மனைவியின் ஸ்கேன் முடிவை மருத்துவர் விளக்கிக்கொண்டிருந்தார். பாதியில் எச்சரிக்கை ஒலி வந்து வலது காது அடங்கியது, சற்று நேரத்தில் இடதும். சட்டைப் பையில் புது பேட்டரி இருந்தது. அந்தச் சின்னக் கதவைத் திறக்கத்தான் விரல் வரவில்லை. "கொடுங்க, நான் போடறேன்" என்று அவள் வாங்கிப் போட்டாள். அவளுக்குத் துணையாகப் போன இடத்தில் அவள் எனக்காக நின்றது மனதை உறுத்தியது. அன்றைக்கே சார்ஜ் மாடலுக்கு மாறுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

முதலில் போன கடையில் மூன்று வருடத்துக்கு முந்தைய ஆடியோகிராமை (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) வைத்தே மாடல்களை எடுத்து அடுக்கினார்கள். பேச்சு முழுக்க சார்ஜரைப் பற்றித்தான். காதுக்குள் ஒருவரும் பார்க்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்து ஒரு ஆடியாலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணரிடம் போனேன். அவர் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை புதிதாகச் சோதித்தார். தாழ்ந்த அதிர்வெண் உள்ள கனத்த ஒலிகள் எனக்கு ஓரளவு கேட்கின்றன. 2000-க்கு மேல்தான் கோடு சரிந்து விழுகிறது. 'சட்டை' என்றால் 'அட்டை' என்று கேட்பதற்குக் காரணம் அதுதான். 'ச' ஒலியின் பலமெல்லாம் உயர்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. அதனால் காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, ஸ்பீக்கர் மட்டும் மெல்லிய ஒயரில் காதுக்குள் போகும் வகையைச் சொன்னார். முனையில் திறந்த டோம், அதாவது துளைகள் உள்ள மென்மையான குமிழ். காதை முழுசாக அடைக்காததால் என் குரல் எனக்கே குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கவில்லை. மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் விட்டு, மிஷினிலிருந்து வரும் ஒலி செவிப்பறைக்கு அருகில் எவ்வளவு இருக்கிறது என்றும் அளந்தார். மிஷின் வாங்குகிறவர்கள் இந்த அளவீட்டைத் தயவுசெய்து கேட்டு வாங்குங்கள்.

அதற்கப்புறம்தான் சார்ஜ் பேச்சு. பெரும்பாலும் உள்ளே இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி. முழுசாக ஏற மூன்று, நான்கு மணி நேரம். முழு நாள் வரும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். போன் பேச்சையும் டிவி ஒலியையும் ப்ளூடூத்தில் நேராகக் காதுக்கு வாங்கினால் அந்தக் கணக்கு குறையும். சோதனைக்குக் கொடுத்த இரண்டு வாரமும் நான் எழுதி வைத்தேன். காலை ஆறுக்கு மாட்டி இரவு பத்தரைக்குக் கழற்றினால், சாதாரண நாளில் நாற்பது சதவீதம் மீதி. மகளோடு வீடியோவில் மூன்று மணி நேரம் பேசிய நாளில் இருபதுதான். எனக்கு அது போதும்.

யோசிக்க வைத்தது வேறொரு விஷயம். பேட்டரி உள்ளேயே மூடி வைத்தது, நாமே மாற்ற முடியாது. நான்கைந்து வருடத்தில் அதன் தாக்குப்பிடிக்கும் சக்தி குறையும். அப்போது யார் மாற்றித் தருவார்கள், வாரண்டி முடிந்திருந்தால் என்ன செலவு, எத்தனை நாள் ஆகும், அதுவரை மாற்று மிஷின் உண்டா? இதையெல்லாம் எழுத்தில் கேட்டு வாங்கினேன். சார்ஜர் தொலைந்தால் என்ன என்றும் கேட்டேன். ஒரு மாடலின் சார்ஜர் இன்னொன்றுக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதனால் தனக்குள்ளேயே பேட்டரி வைத்திருக்கும் சார்ஜர் பெட்டியாகத் தேர்ந்தெடுத்தேன். கரண்ட் இல்லாமலேயே இரண்டு மூன்று தடவை ஏற்றிக்கொள்ளலாம். நாள்கணக்கில் மின்சாரமே இல்லாத இடங்களில் இருப்பவர்களுக்குப் பட்டன் பேட்டரிதான் நல்லது என்பேன். காது மிகவும் குறைவாகக் கேட்பவர்களுக்கான சக்திவாய்ந்த மிஷின்களிலும், காதுக்குள்ளேயே மறையும் மிகச் சின்ன வகைகளிலும் இன்னும் பட்டன் பேட்டரி மாடல்கள் நிறைய இருக்கின்றன.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னொன்றையும் யோசியுங்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் ஆபத்து, உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பேரன் தவழ ஆரம்பித்ததிலிருந்து எனக்கு அந்தப் பயம் இருந்தது. இப்போது பெரும்பாலும் இல்லை.

ஒரு இரவு இடது மிஷினைப் பெட்டியில் சரியாக உட்கார வைக்காமல் தூங்கிவிட்டேன். காலையில் அது எழவே இல்லை. அரை மணி நேரம் ஏற்றினேன், மதியம்வரை ஓடியது. இப்போதெல்லாம் இரண்டு விளக்கும் எரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்த பிறகே பெட்டியில் வைக்கிறேன், ஈரத்தோடு சார்ஜ் போடுவதில்லை.

முதல் இரண்டு மாதத்தில் மூன்று தடவை போய் ஒலியைச் சரிசெய்துகொண்டு வந்தேன். மீதமிருந்த 312 பேட்டரி அட்டைகளை, அதே அளவு தேவைப்படுகிறவர்களுக்கென்று ஆடியாலஜிஸ்டிடமே கொடுத்துவிட்டேன். ஒரே ஒரு அட்டையை மட்டும் வைத்திருக்கிறேன், பழைய மிஷினோடு. புதியது சர்வீஸுக்குப் போகும் நாட்களுக்கு அது வேண்டும்.