கிராண்ட் கல்ச்: தண்ணீர்க் கணக்கு

அக்டோபர் 9

கிராண்ட் கல்ச், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள வறண்ட பள்ளத்தாக்கு. அதற்குள் இறங்கும் முன், கேன் கல்ச் ரேஞ்சர் நிலையத்தின் பலகையில் எந்தெந்த ஊற்றுகளில் நீர் இருக்கிறது என்று எழுதியிருந்ததை வழிகாட்டி இரண்டு முறை படித்தார். நானும் படித்தேன், நம்பிக்கை பிறக்கவில்லை. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொண்டே வந்தார்: கருத்துப் பொருக்குத்தட்டிய அந்த மண்ணை நுண்ணுயிர்களே பிணைத்து வைத்திருக்கின்றன, ஒரு காலடி பட்டால் அது தேறப் பல ஆண்டுகள் ஆகும். முதுகில் நான்கு லிட்டர் தண்ணீர்.

அக்டோபர் 10

கேன் கல்ச் என்ற கிளைப் பள்ளத்தாக்கு கிராண்ட் கல்ச்சோடு சேரும் இடத்தில், பாறைக் குடைவுக்குள் பண்டைய புவெப்லோ பழங்குடி மக்களின் முதல் குடியிருப்பைக் கண்டோம். மழைநீர் மணற்கல்லினூடே மெல்லக் கசிந்து இறங்கி, நீர் புகாத அடுக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் வெளிப்படுகிறது. அந்தக் கசிவே பாறையை உள்ளிருந்து உதிர்த்துக் குடைவை உண்டாக்குகிறது. ஆக, வீட்டுக்குக் கூரை தந்ததும் குடிக்க நீர் தந்ததும் ஒரே கசிவாக இருந்திருக்கலாம். கற்களுக்கிடையே பூசிய சேற்றில் விரல் தடங்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அப்படியே இருக்கின்றன. அந்தச் சேற்றைக் குழைக்கவும் யாரோ தண்ணீர் சுமந்திருக்க வேண்டும். தரையில், மணி உதிர்ந்த மக்காச்சோளக் கதிர்கள் சில, என் நடுவிரல் நீளம்கூட இல்லாதவை. எதையும் எடுக்கக் கூடாது.

அக்டோபர் 11

வான்கோழிப் பட்டியின் பெயரால் வழங்கும் இடிபாடு. குச்சிகளை நட்டு மண் பூசிய சிறு அடைப்பு இன்னும் நிற்கிறது. வான்கோழி இறகை யூக்கா என்ற வறண்ட நிலச் செடியின் நாரில் சுற்றிப் போர்வை செய்தார்களாம். இங்கே கிடைத்த உலர்ந்த மலத்தை ஆராய்ந்தவர்கள், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மக்களின் முதன்மை உணவு மக்காச்சோளம் என்று கண்டார்கள். வானம் பார்த்த விளைச்சலை இவ்வளவு நம்பியவர்களுக்கு, மர வளையங்கள் காட்டும் 1276 முதல் 1299 வரையிலான வறட்சி என்ன செய்திருக்கும்? அவர்கள் இங்கிருந்து வெளியேறியதற்கு வறட்சி மட்டுமே காரணமன்று, பூசலும் இருந்தது என்கிறார் வழிகாட்டி. எட்டாத விளிம்புகளில் கட்டிய தானியக் குதிர்களைப் பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை. தெற்கே சென்றவர்களின் வழித்தோன்றல்களே ஹோப்பி, சூனி, ரியோ கிராண்டே ஆற்றோரப் புவெப்லோ மக்கள். இவர்கள் "மாயமாய் மறைந்தார்கள்" என்று எழுதுபவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அக்டோபர் 12

ஊற்று வறண்டிருந்தது, ஒன்றரை லிட்டர் மிச்சம்.

அக்டோபர் 13

இரவு பெருமழை. காட்டன்வுட் மரக்கிளைகளில், தலைக்கு மேலே, பழைய வெள்ளம் செருகிய சருகுகளைக் கண்டதால் முன்பே மேட்டுக்குக் கூடாரத்தை மாற்றியிருந்தோம். விடிந்ததும் பாறைக் குழிகளெல்லாம் நிறைந்திருந்தன. வடிகட்டிக் குடித்தோம், மணல் வாசம்.

அக்டோபர் 14

புல்லட் பள்ளத்தாக்கு. சன்னலில் மரக்கம்பிகள் வைத்த வீடு, அதன் மேலே பாறையில் பெரிய வெள்ளை வட்டங்கள். அருகில் ஊற்று ஓடுகிறது, வாளிக் கணக்கில் அல்ல, சொட்டுச் சொட்டாக. ஒரு லிட்டர் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் இன்னும் மூன்று பேர் புட்டியுடன் நிற்கிறார்கள்.