முள்ளு அஞ்சைத் தாண்டணும்

ஜனவரி 6
லாரி பிரேக்குக்குக் காத்து ஏறவே இல்ல. விடியக்காலம் ஸ்டார்ட் பண்ணி விட்டுட்டு டீக்கடைக்குப் போயிட்டு வந்தா காத்து மீட்டர் முள்ளு மூணுலயே நிக்குது, வழக்கமா டீ ஆறுறதுக்குள்ள ஏழைத் தொட்டுரும். அஞ்சு தாண்டாம ஹேண்ட் பிரேக் விடாது. பின் சக்கரத்தைப் புடிச்சு வச்சிருக்கிறதே ஸ்பிரிங்தான், காத்து போய் அந்த ஸ்பிரிங்கை அமுக்குனாத்தான் சக்கரம் உருளும், காத்து இல்லன்னா நாலு பேரு தள்ளுனாலும் வண்டி அசையாது. நான் சோப்புத் தண்ணி கரைச்சு ஒவ்வொரு ஜாயிண்டா தடவிக்கிட்டு இருக்கேன், மாமா இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லிட்டு வண்டிக்கு அடியில தலையை விட்டு சும்மா படுத்துக் கெடக்காரு. கொஞ்ச நேரங்கழிச்சு "டேங்குக்குக் கீழ பாரு மாப்ள"ன்னாரு. காத்து டேங்குல சேர்ற தண்ணியை வடிக்கிற வால்வு, துருப்பொடி மாட்டி முழுசா மூடல. காதாலயே கண்டுபுடிச்சிட்டாரு. இதுக்கு சந்தோசப்படுறதா பயப்படுறதான்னு தெரியல.

ஜனவரி 7
மதுரையிலேருந்து போன் வரல.

ஜனவரி 10
கானாடுகாத்தான் தாண்டி திருமயம் வரைக்கும் நான்தான் ஓட்டுனேன், காலி வண்டி, எல் போர்டு கட்டிக்கிட்டு. பழைய கியர்பாக்ஸ், கார் மாதிரி ஒரே மிதியில விழாது. கிளட்ச் மிதி, நியூட்ரலுக்கு எடு, கிளட்சை விடு, கியர் கொறைக்கிறதா இருந்தா இந்த எடத்துல ஆக்ஸிலேட்டரை ஒரு அழுத்து, திரும்ப கிளட்ச், அப்புறந்தான் கியர். அமைஞ்சா லிவர் தானா உள்ள போயிருது, அமையலன்னா கரகரன்னு பல்லு ஒரசுற சத்தம் திருமயம் கோட்டைக்குள்ள நிக்கிறவனுக்கே கேட்டுருக்கும். மாமா மீட்டரைப் பாக்குறதே இல்ல, என்னையும் பாக்கக் கூடாதுங்கிறாரு. சத்தத்தைக் கேளு, சத்தத்தைக் கேளு. அப்ப மீட்டருன்னு ஒண்ணை எதுக்கு வச்சிருக்கான்.

சித்தப்பா மகன் நேரா ஹெவி லைசென்ஸ் போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், வயசு 19. கார் லைசென்ஸ் எடுத்து 1 வருஷம் ஆகணும், 20 முடியணும்டான்னா ஆளைப் புடிச்சா ஆயிரும்ங்கிறான். ஆளைப் புடிச்சா கியர் விழுமா?

ஜனவரி 16
மாடு இல்லன்னா என்னடா, லாரிக்கு மாலை போடுன்னு அப்பத்தா. போட்டாச்சு.

ஜனவரி 20
திருப்பத்தூர் தாண்டுனதும் வண்டி திணறித் திணறி நின்னுருச்சு. நேத்துதான் டீசல் ஃபில்டர் மாத்துனது, ஏர் லாக். ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவை லூஸ் பண்ணிட்டு ஹேண்ட் பம்ப்பை அடிச்சுக்கிட்டே இருக்கணும், மொதல்ல நுரையா வரும், அப்புறம் கொப்புளம் கொப்புளமா, கடைசில டீசல் மட்டும் வழியும், அப்ப மூடணும். கட்டைவிரல் தோலு போச்சு. நுரை நின்னுருச்சாடான்னு மாமா என்னையக் கேக்குறாரு. பட்டப்பகல்ல, ஒரு முழம் தள்ளி நின்னுக்கிட்டு.

ஜனவரி 21
மாமாவுக்கு சுகர் 280. அது எறங்குனாத்தான் மதுரையில கண்ணு ஆபரேசனாம். திரும்பி வர்ற வழியில மாமாவுக்கு ரெண்டு டீ, ரெண்டுலயும் சர்க்கரை.

ஜனவரி 26
தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லு, திண்டுக்கல்லுக்கு. முகத்தோட முகம் சேத்து நிக்க வச்சு நடுவுல வைக்கோல் திணிச்சு அடுக்குனது. சூளையில வேகாத கல்லு, கண்ணாடி மேல வார்த்து தண்ணியில ஊறியே எறுகுறது, குலுங்குனா மொனை போயிரும். அதனால மெதுவாத்தான் வந்தோம், சிங்கம்புணரியிலயே இருட்டிருச்சு.

ரோட்டோரம் பூரா பழனிக்கு நடக்குறவங்க. குன்றக்குடியிலேருந்து கெளம்புன காவடிக் கூட்டம், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் தனித்தனியா ஆளுக. சில பேரு முதுகுல மின்னுற ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க, மத்தவங்க இருக்கிறதே லைட்டு மேல விழுந்தாத்தான் தெரியுது. எதிர்ல பஸ் டிம் அடிக்காம வந்தான்னா கொஞ்ச நேரம் வெறும் வெள்ளை, ஒண்ணுமே இல்ல. நான் ரெண்டாவது கியரைத் தாண்டல. எடப்பக்கம் நான் பாத்துச் சொல்றேன்னாரு மாமா. எதுவும் சொல்லல. ஒரு அக்கா கைப்புள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு சைடு கண்ணாடியை ஒட்டி நடந்து போகுது, அப்பவும் சொல்லல.

"மாமா, அந்தப் பக்கம் யாரும் இருக்காங்களா?"

"கிளியர்டா மாப்ள."

நான் ஒண்ணும் பேசல.

நத்தத்துக்கு முன்னாடி ஒரு பள்ளம். டமார்னு சத்தம், ஸ்டீரிங் எடப்பக்கமா இழுக்குது, எடப்பக்கந்தான் ஆளுக. நிப்பாட்டி டார்ச் அடிச்சுப் பாத்தா முன் கமான்ல, அதான் வண்டி பாரத்தைத் தாங்குற ஸ்பிரிங் பட்டை அடுக்குல, மெயின் பட்டை ஒடிஞ்சு தொங்குது. இதுக்கு மேல ஒரு அடி எடுக்கக் கூடாது, அச்சு நகந்துரும்னாரு மாமா. சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பின்னாடி கல்லும் வேப்பங்கொப்பும் வச்சோம். ஆனா வண்டி ஓரத்தை அடைச்சு நிக்கிறதால நடக்குறவங்க ரோட்டுக்குள்ள எறங்கித்தான் சுத்திப் போகணும். விடிய விடிய டார்ச்சை ஆட்டிக்கிட்டு நின்னேன். யாரோ ஒரு பெரியவரு சுக்குக் காப்பி குடுத்துட்டுப் போனாரு.

ஜனவரி 27
பட்டைக்காரரு வந்து கழட்டுனாரு. ஒடைஞ்ச எடத்தை உத்துப் பாத்தேன், பாதி கறுத்து துருவேறி இருக்கு, பாதி பளபளன்னு புதுசா இருக்கு. பாதி ஒடைஞ்சே ரொம்ப நாளா ஓடியிருக்கு, வெளிய தெரியல. லோடோட கொஞ்ச தூரம் ஓட்டிட்டு, பட்டையை அச்சோட புடிச்சிருக்கிற யூ போல்ட்டைத் திரும்ப டைட் வைக்கணுமாம்.

ஜனவரி 29
கிளியர்டா மாப்ள.

ஜனவரி 31
எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் வர்ற வாரம் முடியுது. டெஸ்ட்டுக்கு ரிவர்ஸ் ஓகே, மேட்டுல நிப்பாட்டிப் பின்னால உருளாம எடுக்குறதும் ஓகே, அதெல்லாம் கவலை இல்ல. அதுவரைக்கும் நான் ஓட்டணும்னா லைசென்ஸ் உள்ள ஆளு பக்கத்துல இருக்கணும். லைசென்ஸ் உள்ள ஆளுக்கு ரோடு தெரியல. 5 வருஷத்துக்கு ஒருக்க டாக்டர் சர்டிபிகேட்டோட புதுப்பிக்கணும், மாமாவுக்கு அது வர இன்னும் நாள் கெடக்கு. அத்தைகிட்ட சொன்னா சாவியைப் புடுங்கிருவாங்க, அப்புறம் டியூ யாரு கட்டுறது, மாமா மூஞ்சியில நான் எப்புடி முழிக்கிறது. சொல்லலன்னா அந்த அக்கா தோள்ல கெடந்த புள்ளை கண்ணுக்குள்ளயே நிக்குது.

பிப்ரவரி 2
தொண்டிக்கு லோடாம், ராத்திரியே கெளம்பணுமாம். மாமா சரின்னுட்டாரு. பகல்ல போவோம் மாமான்னா வெயில்ல டயரு சூடாகும்ங்கிறாரு, டயரு மேல என்னைக்கிலேருந்து இவ்வளவு அக்கறையோ. யூ போல்ட் டைட் வைக்கணும்னு சாக்குச் சொல்லி வண்டியைச் செட்டுலயே போட்டு வச்சிருக்கேன், அரை மணி நேர வேலைதான், சாயங்காலம் வரைக்கும் இழுத்தாச்சு. அத்தை தனியாத்தான் இருக்காங்க, போய்ச் சொல்லிரலாம்னு எந்திரிச்சா செட்டுலேருந்து ஹாரன் அடிக்கிறாரு, விடாம.