பீடி சுற்றும் கையை மாடலுக்குக் காட்டியபோது

குடியாத்தத்தில் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் பீடி சுற்றுவதை இரண்டு நாள் போனில் வீடியோ எடுத்தேன். "கையை மட்டும் எடுக்கறியே, மூஞ்சி வேணாமா?" என்று கேட்டார். கை என்ன செய்கிறது என்று ஒரு கணினி மாடல் வீடியோவைப் பார்த்துச் சொல்லுமா என்று சோதிக்க, எனக்குக் கைதான் வேண்டியிருந்தது.

ஓப்பன்ஏஐ 2021இல் வெளியிட்ட கிளிப் என்ற செயற்கை நுண்ணறிவு மாடல், இணையத்திலிருந்து சேர்த்த 40 கோடி படங்களையும் அவற்றோடு வந்த வரிகளையும் பார்த்துப் பழகியது. ஒரு படத்தையும் நான்கு வரிகளையும் கொடுத்தால் எது பொருந்தும் என்று சொல்லிவிடும். வீடியோவுக்கு எளிய வழி, ஒரு துண்டிலிருந்து 8 ஃபிரேம், அதாவது அசையாத தனிப் படங்கள், எடுத்து, அவற்றுக்குக் கிடைக்கும் எண்களைச் சராசரியாக்கி வரிகளோடு ஒப்பிடுவது. மடியில் முறம், விரலில் நூல் என்பதால் அத்தை பூ கட்டுகிறார் என்றது மாடல். சரி, அது சுலபமாகத் தீர்ந்தது: 'பீடி' என்ற பெயருக்குப் பதிலாக, இலையில் புகையிலைத் தூளை வைத்து உருட்டி நூலால் கட்டுகிறார் என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதினேன், பிடித்துக்கொண்டது.

தூக்கம் கெட்டது வேறொன்றால். தளர்வாக வந்த பீடியை அத்தை பிரித்துவிட்டு மறுபடி சுற்றுவார். சுற்றுவதும் பிரிப்பதும் மாடலுக்கு ஒன்றாகவே தெரிந்தன. வீடியோவைப் பின்னோக்கி ஓட்டிக் கொடுத்தேன், மதிப்பெண் அசையவில்லை. அசைய வழியும் இல்லை, எட்டு எண்களை எந்த வரிசையில் கூட்டினாலும் கூட்டுத்தொகை அதேதானே!

மாடல்களைச் சோதிக்கப் பயன்படும், 400 செயல்கள் கொண்ட கைனடிக்ஸ் வீடியோத் தொகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கும் மாடலை நான் உடனே நம்பாததற்குக் காரணம் இதுதான். அதில் பல செயல்களுக்கு ஒரு ஃபிரேம் போதும், குளம் தெரிந்தால் நீச்சல். சம்திங்-சம்திங் என்ற இன்னொரு வீடியோத் தொகுப்பின் 174 வகைகளில், ஒரு பொருளை இடமிருந்து வலமாகத் தள்ளுவது ஒன்று, வலமிருந்து இடமாகத் தள்ளுவது இன்னொன்று. வரிசை புரியாமல் அங்கே தப்பிக்க முடியாது. பீடி சுற்றுவதும் தறி நெய்வதும் அந்த ரகம்.

அப்புறம் கிளிப்பின் எடைகளை, அதாவது அது பழகிச் சேர்த்த எண்களை, தொடாமல், ஃபிரேம்களின் வரிசையைக் கவனிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வகையைச் சேர்ந்த ஒரு சிறிய மாடலை மேலே வைத்துப் பயிற்சி கொடுத்தேன். கையில் இருப்பதோ கொஞ்சம் துண்டுகள், மொத்த மாடலையும் அவற்றை வைத்துத் திருத்தப் போனால் ஏற்கெனவே தெரிந்ததையும் மறந்துவிடும் என்ற பயம். இப்போது சுற்றுவதையும் பிரிப்பதையும் பெரும்பாலும் வேறுபடுத்துகிறது. பீடியின் வாயை மடக்குவது மட்டும் இன்னும் அகப்படவில்லை, அத்தையின் வேகத்தில் அது இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே முடிந்துவிடுகிறது, போதாததற்குக் கட்டைவிரலும் மறைக்கிறது. வரும் ஞாயிறு 16 ஃபிரேம் கணக்கோடு போகிறேன், போனை அவர் தோளுக்குப் பின்னால் வைத்து எடுக்க வேண்டும்.