ஒரே வீடு, ஒரே வாரம், எனக்கு மட்டும் நுரையீரல்ல இறங்குச்சு

2021 மே மாசம் எனக்கும் எங்க அண்ணனுக்கும் ஒரே வாரத்துல கொரோனா. அவருக்கு மூணு நாள் காய்ச்சல், அதோட சரி. எனக்கு எட்டாவது நாள் பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்குது, ஆக்சிமீட்டர்ல ஆக்சிஜன் 89, சிடி ஸ்கேன் எடுத்தா நுரையீரல் பாதிப்பு ஸ்கோர் 25க்கு 17.

பதினோரு நாள் ஆஸ்பத்திரி. ஆக்சிஜன், டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு, ரத்தம் உறையாம இருக்க வயித்துல ஊசி. குப்புறப் படுக்கச் சொன்னா தயவுசெஞ்சு படுங்க, கழுத்து வலி உயிர் போகும், ஆனா முதுகுப் பக்கம் அமுங்கிக் கிடக்கிற காத்துப் பையெல்லாம் விரியும், எனக்கு அரைமணி நேரத்துல 88 இருந்தது 93 ஆச்சு.

வீட்டுக்கு வந்தப்புறமும் மூச்சு சரியாகல. ஏன்னு டாக்டர் விளக்குனாரு: காத்துப் பை ஒட்டிக்காம இருக்க ஒரு வழவழப்பைச் சுரக்கிற செல் உள்ள இருக்கு, பையோட சுவர் சேதமானா பெருகி அதைப் புதுப்பிக்கிறதும் அதேதான், வைரஸ் பிடிக்கிறதும் அதைத்தான். அதனால ஆற நாளாகும், சிலருக்குத் தழும்பாவே நின்னுடும்.

அப்ப எனக்கு மட்டும் ஏன் இப்படின்னு ராத்திரியெல்லாம் தேடித்தேடிப் படிச்சேன். மூணாவது குரோமோசோம்ல ஒரு பகுதி, எப்பவோ அழிஞ்சுபோன நியாண்டர்தால்ங்கிற ஆதி மனுஷங்ககிட்ட இருந்து வந்ததுன்னு 2020ல ஸ்வாந்தே பாபோ, ஹியூகோ ஸேபர்க்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதியிருக்காங்க, அது இருந்தா நோய் தீவிரமாகுற வாய்ப்பு கூடுதலாம், தெற்காசியாவுல பாதிப் பேருக்கு இருக்காம். என் பொண்ணுக்கும் கொடுத்துட்டேனோன்னு அழுதுட்டேன். ஜீன் டெஸ்ட் எடுக்கணும்னு போய் நின்னா டாக்டர் கோவப்படல, "உங்க அண்ணனுக்கும் அதே ஜீன் இருக்கலாம்மா, வயசு, சர்க்கரை, எவ்வளவு வைரஸ் உள்ள போச்சு எல்லாம் சேர்ந்துதான் முடிவாகுது, ரிசல்ட் எப்படி வந்தாலும் நான் கொடுக்கிற மருந்து மாறாது, தடுப்பூசி போடுங்க"ன்னாரு. இதை யாராவது முதல்லயே சொல்லியிருந்தா ஒரு மாசத் தூக்கம் மிஞ்சியிருக்கும். டெஸ்ட் எடுக்கல.

மூணாம் மாசம் டிஎல்சிஓன்னு ஒரு டெஸ்ட், நுரையீரல்ல இருந்து ரத்தத்துக்கு வாயு எவ்வளவு நல்லா போகுதுன்னு பார்ப்பாங்க, இருக்க வேண்டியதுல 54 சதவீதம்தான் இருந்துச்சு. ஒரு வருஷத்துல 76. சிடியில அடியில மட்டும் மெல்லிசா கோடு கோடா இருக்கு. மாடிப்படி இப்ப நிக்காம ஏறுறேன், பொண்ணு பின்னாடியே எண்ணிக்கிட்டு வர்றா.