முழங்கை உயரம்

ஜூன் 2

லேத் வந்துருச்சு, இரும்பு கடையற மெஷின். நாலு பேர் தூக்கினோம், நாலு பேருக்கும் இடுப்பு போச்சு. மொத்தம் 110 கிலோன்னு தெரியும், ஆனா அதுல முக்கால்வாசி இரும்பைக் கவ்விச் சுத்தற சக் பக்கமே உக்காந்திருக்குன்னு தூக்கும்போதுதான் தெரிஞ்சுது. சக், எதிர் முனையில தாங்கல் குடுக்கற டெயில்ஸ்டாக், மோட்டார் மூணையும் கழட்டிட்டு தூக்குங்கடான்னு அண்ணன் படுத்த வாக்குலயே சொல்லுச்சு. யார் கேட்டா.

இப்ப ஷெட்டுக்குள்ள ரெண்டு பழைய டயர் மேல படுத்துக் கிடக்கு, போர்வை போத்தியிருக்கேன். போர்வை எதுக்குன்னு கேட்டா தெரியல.

ஜூன் 3

போன் வரல.

ஜூன் 4

மண்ணெண்ணெயும் துணியும். பழைய ஆயில் மெழுகு மாதிரி இறுகிப்போய் ஸ்லைடு இடுக்கெல்லாம் அடைச்சிருக்கு, பிரஷ் போட்டு ஊறவெச்சு ஊறவெச்சு எடுத்தேன். பெட், அதாவது எல்லாம் உக்காந்திருக்கற நீளமான அடிப்பாகம், நல்லாதான் இருக்கு, சக்குக்குப் பக்கத்துல ஒரு பதினஞ்சு சென்டிமீட்டர் மட்டும் தேஞ்சிருக்கு, நகத்தை வெச்சு இழுத்தா லேசா தெரியுது. எல்லா லேத்லயும் அங்கதான் தேயும், சின்னச் சின்ன வேலை பூரா அங்கதானே நடக்குது. டெயில்ஸ்டாக் பக்கம் புதுசு மாதிரி இருக்கு.

கழட்டக் கழட்ட ஒவ்வொரு பாகத்துலயும் குட்டிக் குட்டியா பஞ்ச் புள்ளி. ஒரு புள்ளி இருக்கற துண்டு ஒரு புள்ளி இருக்கற இடத்துக்கு, ரெண்டு புள்ளி ரெண்டு புள்ளிக்கு. அண்ணன் வேலை. எதைக் கழட்டினாலும் அதே இடத்துக்குத்தான் திரும்பப் போகணும் அதுக்கு. மோட்டார் கீழ மூணு புள்ளி வெச்ச துண்டு ஒண்ணு கிடந்துச்சு, அதுக்கு ஜோடிய ராத்திரி வரைக்கும் தேடினேன், கிடைக்கல.

ஜூன் 6

மேஜை உயரம். ரெண்டு நாளா மண்டைக்குள்ள இதேதான் ஓடுது.

கணக்கு என்னமோ சின்னதுதான். நிமிர்ந்து நின்னு முழங்கையை மடக்கு, தரையில இருந்து அது எவ்வளவு உயரமோ அங்க சக்கோட மையம் வரணும். எனக்கு 103 சென்டிமீட்டர். லேத் பாதத்துல இருந்து மையம் வரைக்கும் 29. அப்ப மேஜை 74. முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு ரெண்டு நாளு.

அண்ணனுக்கு 111. பழைய பட்டறை சுவத்துல அதுவே பென்சில்ல கோடு போட்டு வெச்சிருந்துச்சு, லேத் எடுக்கப் போனப்ப டேப்பை வெச்சுப் பாத்துட்டு வந்துட்டேன், ஏன் பாத்தேன்னு கேக்காதீங்க. அதுக்கு மேஜை 82.

74-ல அது நின்னா குனியணும், அரை மணி நேரம் தாங்காது. 82-ல நான் நின்னா தோள் மேல தூக்கிக்கும், ஆனா கீழ ஒரு பலகை போட்டு ஏறிக்கலாம். குட்டையா இருக்கறவன் ஏறிக்கலாம், நெட்டையா இருக்கறவன் என்ன காலையா வெட்டிக்க முடியும்?

வீட்ல சொன்னேன். "ஓட்டப்போறது நீங்கதானே?"ன்னா.

ஆமா, நான்தான். 82-ன்னு எழுதி வெச்சுட்டேன்.

ஜூன் 8

ஷெட்டுத் தரை சரிவா இருக்கு. கழுவினா தண்ணி வெளிய ஓடணும்னு அன்னிக்கு நான்தான் அப்படிப் போடச் சொன்னேன், நல்லா ஓடுது. ரசமட்டத்தை வெச்சுப் பாத்தா மேஜை நிக்கப்போற 1.2 மீட்டருக்குள்ள 15 மில்லிமீட்டர் இறக்கம். ஒவ்வொரு காலுக்கும் அடியில திருகி ஏத்தி இறக்கற மாதிரி போல்ட் வெக்கணும். நாலு கால் இருந்தா எப்பவும் மூணுதான் தரையில நிக்கும், நாலாவது சும்மா தொட்டுட்டிருக்கும், அதையும் கெட்டியா அழுத்தற வரைக்கும் விடக்கூடாது.

ஜூன் 10

வெல்டிங். 50-க்கு 50 சதுரக் குழாய், 3 மில்லிமீட்டர் கனம். மேல் சட்டம் 1200-க்கு 600, மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் 1342 வரணும். புள்ளி புள்ளியா டேக் வெச்சப்ப ரெண்டும் 1342. ஆஹான்னு சொல்லிட்டு ஒரே மூச்சுல மொத்தத்தையும் சுத்தி அடிச்சேன், ஆறினதும் பாத்தா ஒண்ணு 1345 ஒண்ணு 1338. ஒரு மூலையில அடிச்சா எதிர் மூலைக்குப் போகணும், அப்புறம் ஆற விடணும், எல்லாம் தெரிஞ்சதுதான், தெரிஞ்சு என்ன, கை நிக்க மாட்டேங்குது இப்பல்லாம், எதையாவது முடிச்சாகணும்னு ஓடுது.

கிளாம்ப் போட்டு இழுத்து, ஒரு மூலைய அறுத்து, மறுபடி அடிச்சு, 1341-1343. போதும். பெட் நேரா இருக்கணும், மேஜை அழகிப் போட்டிக்குப் போகல.

கீழ தரையில இருந்து 15 சென்டிமீட்டர்ல முன்பக்கம் ஒரு குறுக்குச் சட்டமும் போட்டுட்டேன். ஆடவே ஆடாது.

ஜூன் 11

அண்ணி பேசினாங்க. எழுத வேணாம்.

ஜூன் 13

மேல் பலகைக்கு 40 மில்லிமீட்டர் மரம் வாங்கி வெச்சிருந்தேன். அண்ணன்கிட்ட போன்ல சொன்னதும் குரல் பழைய மாதிரி ஆயிருச்சு. "மழை வந்தா மரம் ஊதும், வெயிலடிச்சா சுருங்கும், நீ அதுமேல பெட்டை முறுக்கி வெச்சுட்டு வாராவாரம் லெவல் பாத்துட்டிருப்பியாடா?" ரெண்டு நிமிஷம் திட்டுச்சு. நல்லா இருந்துச்சு. அப்புறம் இருமல் வந்துருச்சு, அண்ணி வாங்கி வெச்சுட்டாங்க.

மரத்தை ஓரங்கட்டியாச்சு. லேத் பாதம் உக்கார்ற ரெண்டு இடத்துலயும் கனமான இரும்பு சேனல் குறுக்க வெச்சு சட்டத்தோட சேத்து அடிச்சேன், பாதம் நேரா அதுமேல. நடுவுல தகரத் தட்டு, சுருளும் ஆயிலும் விழறதுக்கு. மேஜைக்காலு உள்ளுக்குள்ள காலியாதானே இருக்குன்னு காஞ்ச மணல் ரொப்பி வாயை அடைச்சேன். முன்னாடி சுத்தியலால தட்டினா மணி மாதிரி அடிக்கும், இப்ப தொப்புனு கேக்குது. அந்தத் தொப்புக்காகத்தான் மணல், அதிர்வு அதுல செத்துரும்.

ஜூன் 14

ஏத்தியாச்சு. இந்தத் தடவை எல்லாத்தையும் கழட்டிட்டுதான்.

சக்கை முறுக்கற சாவிய சக்குலயே விட்டுட்டு ஸ்விட்ச் பக்கம் போயிட்டேன், சின்னவதான் "அப்பா அது என்னது நீட்டிட்டிருக்கு"ன்னா. போட்டிருந்தா சாவி எங்க பறந்திருக்கும்னு நெனச்சாலே வயித்தக் கலக்குது. இனிமே கை சாவிய விட்டா சாவி ஆணியில தொங்கணும், நடுவுல வேற இடமே கிடையாது. சிவப்பு பட்டனையும் மாத்தணும், இப்ப சக்குக்குப் பின்னாடி இருக்கு, அவசரத்துக்கு சுத்தற சக்கைத் தாண்டி கை நீட்டணும், எந்தப் புண்ணியவான் அங்க வெச்சானோ. வலது பக்கம் முன்னாடி வரணும்.

ஜூன் 15

போன் வரல. நானும் பண்ணல.

ஜூன் 17

மெஷினிஸ்ட் லெவல், ரொம்ப நுணுக்கமான ரசமட்டம், இரவல் கிடைச்சுது. குமிழ் ஒரு கோடு தள்ளினா மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர். என் பெட் அகலம் 130 மில்லிமீட்டர்தான், அப்ப ஒரு கோடு தள்ளினா ஒரு ஓரத்துக்கும் இன்னொரு ஓரத்துக்கும் 0.0026 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தலைமுடில இருபதுல ஒரு பங்குகூட இல்ல. பக்கத்துல நின்னு மூச்சு விட்டாலே குமிழ் நகருது.

மொதல்ல லெவலையே சோதிக்கணும். ஒரு இடத்துல வெச்சுப் பாத்துட்டு, அதே இடத்துல தலைமாத்தி வெக்கணும். ரெண்டு தடவையும் குமிழ் சுவத்துப் பக்கமே அதே அளவு போனா லெவல் ஒழுங்கு, இடம்தான் கோணல். குமிழும் கூடவே திரும்பி வந்தா கோணல் லெவல்ல. என்னுது ஒழுங்கு.

1840-ல கிளாஸ்கோவுல விட்வொர்த்ங்கற இங்கிலாந்து இன்ஜினியர் வாசிச்ச கட்டுரைய அண்ணன் அடிக்கடி சொல்லும். மேடு பள்ளம் இல்லாத நேரான இரும்புப் பலகை ஒண்ணுகூட கையில இல்லாம அப்படி ஒரு பலகை எப்படி செய்யறது? ரெண்டை மட்டும் ஒண்ணோட ஒண்ணு உரசிப் பாத்து சுரண்டினா ஒண்ணு குழியாவும் இன்னொண்ணு மேடாவும் ஆகி அழகா பொருந்திக்கும், ரெண்டுமே தப்பு. மூணு வேணும். மூணும் மாத்தி மாத்தி எல்லாத்தோடயும் பொருந்துதுன்னா நேரா இருந்தாத்தான் முடியும். லண்டன்ல மாட்ஸ்லி பட்டறையில வேலை பாத்த ஆளு அவரு, அங்கயே அந்த வழக்கம் இருந்திருக்கு. நாங்க வீட்ல ரெண்டு பேருதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, சும்மா தோணுச்சு.

டூலைக் குறுக்க நகத்தற கிராஸ் ஸ்லைடு மேல குறுக்குவாட்டுல லெவலை வெச்சு சக்குப் பக்கம் பாத்தேன், அதைத் தாங்கி பெட் மேல ஓடற கேரேஜை அப்படியே தள்ளிட்டுப் போய் டெயில்ஸ்டாக் பக்கம் பாத்தேன். ஆறு கோடு வித்தியாசம். பெட் முறுக்கிட்டிருக்கு. மட்டமா இருக்கணும்னு அவசியமே இல்ல, கப்பல்லகூட லேத் ஓடுது, கடலு என்ன மட்டமாவா இருக்கு. ரெண்டு முனையும் ஒரே மாதிரி சாஞ்சிருந்தா போதும்.

ஜூன் 18

மூணு கோடு.

ஜூன் 19

மறுபடி அஞ்சு. காலையில ஜன்னல் வெயில் பெட்டோட ஒரு பாதி மேல விழுது, அதை ரெண்டு மணி நேரமா கவனிக்கவே இல்ல. அட்டைய வெச்சு ஜன்னலை மறைச்சேன். போனையும் உள்ள வெச்சுட்டு வந்தேன்.

ஜூன் 20

லெவல் சொல்றது ஒரு அளவுக்குத்தான், கடைசில கடைஞ்சுதான் பாக்கணும். 28 மில்லிமீட்டர் இரும்பு ராடு, சக்குல இருந்து 150 வெளிய நீட்டி, டெயில்ஸ்டாக் தாங்கல் இல்லாம. நடுவுல இறக்கி கடைஞ்சு ரெண்டு முனையிலயும் ஒரு வளையம் மட்டும் விட்டேன். நல்லா சாணை பிடிச்ச ஹை ஸ்பீட் ஸ்டீல் டூல், நிமிஷத்துக்கு 340 சுத்து, கடைசி வெட்டு மயிரிழை கனம். வெட்டு ஆழம் வெக்கற டயலைத் தொடாம ரெண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்துல.

சக்குப் பக்கம் 27.42. வெளி முனை 27.46.

வெளி முனை பருமன்னா அங்க டூல் மையத்தை விட்டு என் பக்கம் விலகி நிக்குது. டெயில்ஸ்டாக் பக்கம் முன்பாதத்தை ஏத்தினா பெட்டோட அந்த முனை அந்தப் பக்கம் சாயும், டூல் உள்ள போகும். எவ்வளவு ஏத்தறது? கூல்டிரிங்ஸ் டப்பா தகரம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர். கத்தரிக்கோலால வெட்டி, ஓரத்துப் பிசிறைத் தேச்சு, போல்ட்டைத் தளர்த்தி உள்ள சொருகி மறுபடி அதே அழுத்தத்துல முறுக்கினேன்.

மறுபடி ஒரு ஓட்டம். 27.21, 27.20.

தாண்டிருச்சு, நூறுல ஒண்ணு. சமையலறை அலுமினியத் தாள் 0.016 கனம் இருக்கும், அதை அஞ்சு மடிப்பா வெச்சா 0.08. அதைப் போட்டா 27.05, 27.05. ரெண்டும் ஒண்ணு! ராத்திரி பதினொண்ணு. யார்கிட்ட சொல்றது. சொல்ல வேண்டிய ஆளு தூங்கணும்.

ஜூன் 21

காலையில சொன்னேன். "சூட்டோட அளந்தியா ஆறவிட்டு அளந்தியா?"

ஆறவிட்டுத்தான்னேன். பொய். அந்த ராடு 20 டிகிரி அதிகமா சூடா இருந்தாலே 0.006 ஊதிக் காட்டும், ரெண்டு முனையும் ஒரே சூட்டுல இருந்துச்சுன்னு யாரு கண்டா. போனை வெச்சதும் ஓடிப்போய் அளந்தேன். ரெண்டும் ஒண்ணுதான். பொய் நிஜமாயிருச்சு.

மடிச்ச தாள் வெச்சதை மட்டும் சொல்லல. அது ஸ்பிரிங் மாதிரி அமுங்கும், அதுக்குத் தனியா ஒரு திட்டு விழும். நேர்ல வாங்கிக்கறேன்.

ஜூன் 23

அண்ணி சொன்னாங்க. அண்ணன் வருமாம். வீட்டுக்கே. ஆனா நிக்க முடியாது, இனிமே நிக்கறதப் பத்தி பேசாதீங்கன்னு சொல்லிட்டாங்களாம்.

ஷெட்டுக்குப் போய் 82 சென்டிமீட்டர் மேஜையப் பாத்துட்டே நின்னேன். அசையாது, ஆடாது, முறுக்கில்லாத பெட்டு, 27.05 27.05.

ஜூன் 24

அண்ணியக் கூப்பிட்டு, ஸ்டூல்ல உக்கார வெச்சு தரையில இருந்து முழங்கை வரைக்கும் அளந்து சொல்லுங்கன்னேன். பின்னாடி இருந்து குரல், "எதுக்குடா?" சும்மான்னேன். "உக்காந்து கடையறது வாட்ச் ரிப்பேர்காரன் மட்டும்தான்டா, மடியில சுருள் கொட்டும், ஏதாவது ஆச்சுன்னா எந்திரிச்சு ஓட முடியாது." தெரியும்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல.

60 சென்டிமீட்டர் ஸ்டூல்ல முழங்கை 86. அப்ப மேஜை 57. 25 சென்டிமீட்டர் வெட்டணும். நான் நின்னா முதுகு போயிரும், நானும் உக்காந்துக்கறேன்.

ஜூன் 25

இறக்கியாச்சு. அதே நாலு பேர், ஒருத்தன்கூட ஏன்னு கேக்கல.

கிரைண்டர்ல காலை அறுத்தப்ப மணல் தரை பூரா கொட்டுச்சு. ஆடவே ஆடாதுன்னு முன்னாடி போட்டேனே குறுக்குச் சட்டம், முட்டி உள்ள போகணும்னா அதுவும் இருக்கக்கூடாது, பின்பக்கம் தள்ளி வெல்டு வெச்சேன். இந்தத் தடவை ஒரு மூலை அடிச்சா பத்து நிமிஷம் சும்மா உக்காந்திருந்தேன். மூலைக்கு மூலை 1342, 1342. இப்ப வருது பாரு.

சிவப்பு பட்டன் கையில வேணாம், முட்டியில இடிக்கற மாதிரி ஒரு தகட்டை வெச்சு அதுக்குப் பின்னாடி. முன்னாடி மடியை மறைக்க ஒரு தடுப்பு.

ஜூன் 26

மேல ஏத்தினேன். ஒன்பது கோடு.

ஜூன் 27

நாலு. மோட்டார் அடியில மூணு புள்ளி வெச்ச துண்டோட ஜோடி மணலக் கூட்டும்போது கிடைச்சுது, மூணு புள்ளியும் அப்படியே பொருந்துது, மாட்டிட்டேன்.

ஜூன் 28

ரெண்டு. நாளைக்கு காலையில பதினோரு மணிக்குள்ள வந்துருவோம்னு அண்ணி சொன்னாங்க. ராடை ஆறவிட்டிருக்கேன், இன்னிக்கு அளக்கல. வாசல்ல இருந்து ஷெட்டுக்கு ஒரு படி இருக்கு, அதுக்கு ஓரங்கட்டின அந்த 40 மில்லிமீட்டர் மரத்தை சரிவா அறுத்துப் போடணும். படி எவ்வளவு உயரம்னு